இல்லாதவற்றின் பட்டியல்

சோர்ஸ் கோடில இருந்து ஒரு மென்பொருளை நிறுவப் போனால் முதலில் வருகிற பதில் 'காணவில்லை'தான். நிறையப் பேர் அதோட லெப்டொப்பை மூடிடுறாங்க. கொஞ்சம் நின்று வாசித்தால், அடுத்து என்ன வேண்டும் என்பதை அதுவே சொல்கிறது என்பது விளங்கும்.

எனக்குத் தேவைப்பட்டது கிராஸ் ஜிஐஎஸ். 1982இல் அமெரிக்க இராணுவ ஆய்வகமொன்றில் தொடங்கி, இன்று யாரும் இலவசமாகப் பாவிக்கக்கூடிய வரைபட மென்பொருள். பதுளைப் பக்கம் எங்கள் தோட்டத்தில் எந்த லயம் எவ்வளவு செங்குத்தான சரிவுக்குக் கீழே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். நாசாவின் உயரத் தரவு 30 மீட்டர் கட்டங்களாகச் சும்மாவே கிடைக்கிறது. ஆனால் என் பழைய உபுண்டுவில் ரெடிமேடாக வருவது பழைய பதிப்பு. அதனால்தான் சோர்ஸ்.

'கன்ஃபிகர்' ஓடி, ப்ரோஜ் இல்லை என்று நின்றது. போன் ஜிபிஎஸ் காட்டும் இடமும் நம்ம நாட்டுப் பழைய நில அளவை வரைபடம் காட்டும் இடமும் ஒரே கணக்கில் இல்லை. ஒன்றை மற்றதாக மாற்றுவது ப்ரோஜின் வேலை. அது இல்லாவிட்டால் லயம் படத்தில் இடம் மாறி விழும்.

இத்தனைக்கும் ப்ரோஜ் மெஷினில் ஏற்கெனவே இருந்தது! ஒரு மென்பொருள் ஓடுவதற்கு லைப்ரரி போதும். கட்டுவதற்கு ஹெடர் கோப்புகளும் வேண்டும். பெயர் 'டெவ்' என்று முடிகிற பொதியில்தான் அவை வரும். அதைப் போட்டதும், அடுத்து ஜிடால் இல்லை என்றது. இப்படி ஒவ்வொன்றாகத் தேடினால் ரீலோட் போட்ட டேட்டா முடிந்துவிடும். 'பில்ட்-டெப்' கட்டளை தேவையானதில் பெரும்பகுதியை ஒரே தடவையில் இறக்கித் தரும். மிச்சத்தை மென்பொருளோடு வரும் தேவைப்பட்டியலில் பார்த்துக்கொள்ளலாம். டவுனுக்குப் போகிற நாளில் செய்துவிடுங்கள்.

கடைசியில் சரிவுப் படம் வந்தது. ஒரு லயம் முழுசா ரெண்டு கட்டத்துக்குள்ள அடங்கிடுது. ஆகவே எந்த வீடு ஆபத்து என்று இது சொல்லாது; எங்கே போய்ப் பார்க்க வேண்டும் என்று மட்டும் காட்டும். தீர்ப்புச் சொல்ல, மண்ணையும் தண்ணி ஓடுற வழியையும் நேரில் பார்க்கிற நிபுணர் வேண்டும்.

2014 ஒக்டோபர் 29 காலை, கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று அதற்கு முன்பே எச்சரிக்கை இருந்தது. ஆனால் எழும்பிப் போவதற்கும் ஒரு தேவைப்பட்டியல் இருக்கிறது: காணி, வீடு, பாதை, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், வேலைக்குப் போகிற தூரம். அதில் எது இல்லை என்று எந்தத் திரையும் தானாகக் காட்டாது. யாராவது போய்க் கேட்டு எழுத வேண்டும்.

என் படத்தில் இப்போது ஒவ்வொரு லயத்துக்கும் இன்னொரு நிரல் சேர்த்திருக்கிறேன்: 'பெருமழை வந்தால் இவங்க எங்க போவாங்க?' இன்றுவரை நாலு லயத்துக்கு அந்தக் கட்டம் காலியாகத்தான் இருக்கிறது.