பிள்ளைகளின் நடை



சென்ற சனிக்கிழமை ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுடனும் பெற்றோருடனும் பரவையிலிருந்து கீழக்குயில்குடி சமணர் மலைக்குச் சென்றோம். தாமரைக் குளத்தைக் கடந்து, பாறைப் படிகளில் நான் முன்னே விரைந்தேன். பேச்சிப்பள்ளத்துச் சுனையருகே, ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட தீர்த்தங்கரர் சிற்பங்களின் முன் நின்று திரும்பினேன். என் பின்னே ஒருவரும் இல்லை. கீழே ஒரு சிறுமி இடறி விழுந்து அழுதுகொண்டிருந்தாள். அவளுக்காக எல்லாரும் நின்றிருந்தனர். மேய்ப்பன் மட்டும் நிற்கவில்லை.

ஏசாவை முன்னே போகவிட்ட யாக்கோபு, பிள்ளைகளும் மந்தையும் தளராதபடி மெல்ல வருவதையே தெரிந்துகொண்டான் (ஆதியாகமம் 33). சபையிலும் வீட்டிலும் எத்தனை பேரை நான் பின்னே விட்டிருப்பேன்? இறங்கிச் சென்று, அவள் கைபிடித்து, அவள் நடையிலேயே மீண்டும் ஏறினேன்.

கர்த்தாவே, எளியோரின் நடைக்கு எங்கள் கால்களை இசைவித்தருளும். ஆமென்.