செங்கமாரியும் ஒரு கடிதமும்

செங்கமாரி என்றதும் வாசகர்களுட் பலர் நம்மைப் போலவே கீழ்க்காய்நெல்லியை நினைப்பர். கல்முனை முதல் அக்கரைப்பற்று வரையுள்ள இக்கரையோர ஊர்களில், முஸ்லிம் வீடாயினும் இந்து வீடாயினும், கண் மஞ்சளித்தால் முதலில் தேடப்படுவது வேலியோரத்துப் பூண்டுதான். அரைத்துப் பாலிற் கலந்து வெறுவயிற்றிற் கொடுப்பர். சில கிழமைகளில் மஞ்சள் தானே மறையும். புகழோ பூண்டைச் சேரும்.

நிற்க. சென்ற ஆண்டு ஒருநாள் மாலை நம் வீட்டுப் படலையில் முக்காடிட்ட பெண்ணொருத்தி வந்து நின்றாள்.

"சேர், என்னைத் தெரியுதா?"

குரலைக் கொண்டே அறிந்தோம். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் நம் வகுப்பின் பின்வாங்கில் மாணவனாக அமர்ந்திருந்தவள். அந்நடையைக் கண்டு ஏனையோர் நகைத்தபோதெல்லாம் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்ட ஆசிரியர் நாம். அன்று 'மகன்' என்று அழைத்தோம். இன்று எப்படி அழைப்பது? நா எழவில்லை. "இரு" என்று மட்டும் சொன்னோம்.

கண்கள் நன்றாக மஞ்சளித்திருந்தன. கொழும்பிலிருந்து வந்து இரண்டு மாதமாம். உம்மா பரிகாரியாரிடம் கூட்டிச் சென்றிருக்கிறார். ஆஸ்பத்திரிக்கு?

"ஆம்புள வாட்டா, பொம்புள வாட்டா எண்டு கேப்பாங்க சேர். துண்டில கிடக்கிற பேரைச் சத்தமாக் கூப்பிடுவாங்க. எல்லாரும் திரும்பிப் பாப்பாங்க."

தன்னை இன்ன பெயரால் அழைக்குமாறு, படித்தவர் ஒருவர் வைத்தியருக்கு எழுதும் கடிதம் வேண்டுமாம். நாளை பார்ப்போம் என்றோம். உண்மை யாதெனில், வீதியாற் போவோர் எவரேனும் படலையை நோக்குகின்றனரா என்பதிலேயே நம் கவனம் இருந்தது. அவள் சென்றபின், தேநீர் அருந்திய கோப்பையைக் கிணற்றடிக்குக் கொண்டுபோய் மும்முறை சாம்பலிட்டுக் கழுவினோம். உணவாலும் நீராலும் தொற்றுகின்ற செங்கமாரியும் உண்டு என்று மனத்துக்குச் சமாதானம் சொன்னோம்; நாம் உயிரியல் கற்பிப்பவர் அல்லவா? ஆயின் முந்திய ஆண்டு நம் மருமகன் அவ்வகை நோயுற்றுக் கிடந்தபோது, அவன் கோப்பையை இப்படிக் கழுவினோமா? அன்றிரவு உறக்கம் வரவில்லை.

காலையிற் கடிதம் எழுதினோம். அதனுடன் நாமும் சென்றோம். வைத்தியர் இளவயதினர்; கடிதத்தை வாசித்தவர், அப்பெயரையே மெல்லச் சொல்லி அழைத்தார். குருதியைச் சோதித்ததில் ஹெபடைற்றிஸ் பி என்று தெரிந்தது. அவுஸ்திரேலியப் பழங்குடியினர் ஒருவரின் குருதியில் அமெரிக்கரான புளும்பேர்க் கண்டெடுத்து, 1976 இல் நோபல் பரிசு பெற்றாரே, அதே வைரசுதான். உடலுறவாலும் குருதியாலும் பரவும். ஒரே கோப்பையில் அருந்துவதாற் பரவாது.

வந்த வழியும் தெரிந்தது. கொழும்பில் ஓரறையில் நான்கு திருநங்கையர். உடலில் பெண்மை பெருக வைத்தியரின்றித் தாமே ஓமோன் ஊசி ஏற்றிக்கொண்டனர். நால்வருக்கும் ஊசி ஒன்றே. இடையிடையே வெந்நீரிற் கழுவினராம். உடலுக்கு வெளியே குறைந்தது ஏழு நாளாவது உயிர்க்கும் இவ்வைரசுக்கு அந்த வெந்நீர் எம்மட்டு? தொற்றிய பின் நோய் வெளிப்பட ஆறு மாதமும் ஆகலாம். பிறர் சவரக் கத்தி, பச்சை குத்தும் ஊசி, பயிலாதவர் செய்யும் அறுவை எல்லாமே இவ்வாறு ஆபத்தானவை. நம் நாட்டில் 2003 முதல் குழந்தைகளுக்கு இதற்குத் தடுப்பூசி போடப்படுகிறது. அவளோ அதற்கு முன் பிறந்தவள்.

2016 முதல் பால்நிலை அங்கீகாரச் சான்றிதழ் பெற்றுப் பிறப்புப் பதிவைத் திருத்த வழியுண்டு. ஆனால் அதற்கு உளமருத்துவரிடம் செல்லவேண்டும். அவரைக் காண்பதற்கும் ஆஸ்பத்திரி வாயிலைத்தான் கடக்கவேண்டும்!

கீழ்க்காய்நெல்லியை நாம் முற்றாகத் தள்ளவில்லை. 1988 இல் சென்னைப் பல்கலைக்கழகத்துத் தியாகராஜன், அதே புளும்பேர்க்குடன் சேர்ந்து அதனை ஆராய்ந்தார். மருந்துண்டோரில் நூற்றுக்கு 59 பேரின் குருதியில் வைரசின் அடையாளம் மறைந்ததென வெளியிட்டார். பின்வந்த ஆய்வுகள் அதனை உறுதிப்படுத்தவில்லை. வளர்ந்தோரில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் இவ்வைரசைத் தாமே வென்றுவிடுகின்றனர். பிறக்கும்போதே தொற்றிய சிசுக்களிலோ பத்தில் ஒன்பதுக்கு அது ஈரலிலேயே தங்கிவிடும். 2022 இல் உலகில் 25 கோடிக்கு மேற்பட்டோர் இதனைச் சுமந்தனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு.

ஆறாம் மாதம் அவள் குருதி தெளிந்திருந்தது. அத்தாளைக் காட்டவே வந்தாள் என்றெண்ணி மகிழ்ந்தோம். அவள் முகத்தில் மகிழ்ச்சி முழுமையாக இல்லை.

"மத்த மூணு பேரும் இன்னும் சோதிக்கல்ல, சேர்."

அதே ஊசியைப் பகிர்ந்தவர்கள். ஒருவருக்கும் ஒன்றுமில்லாதிருக்கலாம், அவ்வாறாயின் மூன்று ஊசிகளில் காப்புக் கிடைக்கும். ஒருவருக்கு வைரசு நிலைத்திருக்கலாம். அதை அடக்கி வைக்க மாத்திரை உண்டு. அதே வழியால் சி வகை புகுந்திருந்தாலும், எட்டு முதல் பன்னிரண்டு வார மாத்திரைகளால் பெரும்பாலும் தீரும். ஆனால் சோதித்தாலன்றி எதுவும் தெரியாது.

"மூணு கடிதம் வேணும், சேர். வேற வேறயா."

மனைவி தேநீர் கொண்டுவந்தாள். நாம் தாளை எடுத்து மேசையில் வைத்தோம்.

"முதலாவது பெயரைச் சொல்லு, மகள்."