மூணு கட்டை

“என்னடா இது, டார்ச் லைட்டா?” என்று அம்மா கேட்டபோது சுருக்கென்றது. மூன்று வாரம் மொட்டைமாடியில் ரெசின் நாற்றத்தில் உட்கார்ந்து செய்தது அது. 1977இல் வந்த ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தில் லூக் ஸ்கைவாக்கர் பிடிக்கும் ஒளிவாளின் கைப்பிடி. டார்ச்சாம்!

அம்மா மேல் கோபப்பட எனக்கு யோக்கியதை இல்லை. செய்த பொருள் உலக்கைக்குத் தம்பி மாதிரிதான் இருந்தது. படத்தை டிவியில் நிறுத்தி வைத்து, நடிகரின் விரலைக் கொண்டு குத்துமதிப்பாக அளந்து, 50 மி.மீ. பி.வி.சி. குழாயை வாங்கி வந்தேன். அதன் மேல் களிமண்ணால் பொத்தானும் விளிம்பும் வைத்து, அட்டைப்பெட்டிக்குள் நிறுத்தி சிலிக்கோன் ஊற்றினேன். மறுநாள் பிரித்தால் குழாயை ஒட்டிய பக்கம் கெட்டியாகியிருந்தது. களிமண் பட்ட இடமெல்லாம் தேன் மாதிரிப் பிசுபிசுத்தது. களிமண்ணில் கந்தகம் இருந்தால் பிளாட்டினம் வகை சிலிக்கோன் இறுகாது என்பது அதற்குப் பிறகுதான் தெரிந்தது. ஆயிரத்துச் சொச்சம் ரூபாய் குப்பைக்கூடைக்குப் போனது.

அடுத்த முறை டின் வகை சிலிக்கோன். அச்சு அருமையாக வந்தது. என் கட்டைவிரல் ரேகை களிமண்ணில் பதிந்திருந்ததைக்கூட விடாமல் பிடித்துக்கொண்டது. ஆனால் ரெசின் ஊற்றிய அன்று மழை. இரண்டு புட்டித் திரவத்தையும் கலந்து ஊற்றிய ஐந்தாவது நிமிடம், அச்சின் வாய் வழியாகப் பொங்கல் பானை போல நுரை தள்ளியது. பாலியூரித்தேன் ரெசினுக்கு ஈரம் ஆகாது. தண்ணீர் பட்டால் உள்ளே கரியமில வாயு கிளம்பிவிடும். வெளியே எடுத்தது ரஸ்க் மாதிரி ஓட்டை ஓட்டையாக இருந்தது. அதற்கு அலுமினியப் பெயின்ட் அடித்துத்தான் அம்மாவிடம் காட்டினேன்.

அச்சு எடுப்பது பழகப் பழக வந்துவிடும். அளவு எங்கிருந்து வரும்? இந்தக் கைப்பிடி இத்தனை நீளம், இத்தனை பருமன் என்று யாரோ ஒருவர் முதலில் காகிதத்தில் வரைந்திருப்பார் அல்லவா, அந்த வரைபடத்தைப் பிடித்துவிட்டால் போதும் என்று தேட ஆரம்பித்தேன்.

படத்துக்கு முன்னால் வரைந்த ஓவியங்கள் இருக்கின்றன. ஆனால் லூக் கையில் இருந்தது அவற்றிலிருந்து பிறந்ததல்ல. 1976இல் லண்டனுக்கு அருகே எல்ஸ்ட்ரீ ஸ்டுடியோவில் படப்பிடிப்பு. அரங்கப் பொருள்களுக்குப் பொறுப்பு ராஜர் கிறிஸ்டியன். கையில் காசு குறைவு. இயக்குநர் ஜார்ஜ் லூகாஸுக்கோ பளபளக்கும் எதிர்காலம் வேண்டாம், அடிபட்டுத் தேய்ந்த உலகம் வேண்டும். கிறிஸ்டியன் பழைய விமானங்களின் உதிரி பாகங்களை எடைக்கு வாங்கி வந்து விண்கலத்தின் உட்சுவர்களில் பொருத்தினார். படத்தில் வரும் போர்வீரர்களுக்கு நிஜமான ஸ்டெர்லிங் இயந்திரத் துப்பாக்கி, லூக்கின் கூட்டாளி ஹான் சோலோவுக்கு ஜெர்மனியின் மவுசர் கைத்துப்பாக்கி. இரண்டிலும் துண்டு துணுக்குகளை ஒட்டி வேற்றுக் கிரகத்து ஆயுதமாக்கினார். ஒளிவாளுக்கு மட்டும் எதுவும் சிக்கவில்லை.

கடைசியில் சிக்கியது லண்டன் கிரேட் மார்ல்பரோ தெருவில், புகைப்படக் கருவிகள் விற்கும் கடை ஒன்றில். அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரத்து கிராஃப்ளெக்ஸ் கம்பெனியின் பழைய ஃபிளாஷ் கைப்பிடி. அந்தக் காலத்துப் பத்திரிகைப் புகைப்படக்காரர்கள் தூக்கித் திரிந்த ஸ்பீட் கிராஃபிக் கேமராவின் பக்கவாட்டில் மாட்டுவது. மேலே குழிந்த தட்டும் பல்பும் இருக்கும். ஒரு படத்துக்கு ஒரு பல்பு. எரிந்ததும் தூக்கிப் போட்டுவிட வேண்டியதுதான். கிறிஸ்டியன் தட்டைக் கழற்றினார். ஸ்டெர்லிங் துப்பாக்கிக்கு ஒட்டிய அதே கறுப்பு பிளாஸ்டிக் பட்டைகளைக் கீழ்ப்பாதியில் சுற்றி ஒட்டினார். நடுவில் இருக்கும் கவ்வியில், கால்குலேட்டரில் எண்களைப் பெரிதாகக் காட்டும் லென்ஸ் பட்டை ஒன்றைச் செருகினார். அடியில் இடுப்பில் தொங்கவிட ஒரு வளையம். வேலை முடிந்தது. 1978இல் கலை இயக்கத்துக்கான ஆஸ்கர் விருதைப் பெற்ற குழுவில் அவரும் ஒருவர்.

படத்தின் மற்ற வாள்களின் பூர்வீகம் இதைவிட வேடிக்கை. வில்லன் டார்த் வேடருடையது பிரிட்டிஷ் தயாரிப்பான இன்னொரு ஃபிளாஷ். லூக்கின் குரு ஓபி-வான் கெனோபியின் வாளில் ஜெட் இன்ஜின் குழாய்த் துண்டு, முதல் உலகப் போர்க் காலத்துத் துப்பாக்கி எறிகுண்டு, இவற்றோடு அடியில் ஒரு குளியலறைக் குழாயின் திருகு! ரசிகர்கள் பல வருஷம் துப்புத் துலக்கி ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்திருக்கிறார்கள். என்னைவிடப் பெரிய பைத்தியங்கள்.

பழைய கேமராக்கள் சேர்க்கும் நண்பர் ஒருவரிடம் அந்த ஃபிளாஷ் இருந்தது. நான் வந்த காரணத்தைச் சொன்னதும் அவர் முகம் சுண்டிவிட்டது. வாள் செய்கிறவர்கள் வாங்கி வாங்கி அறுத்ததில் விலை எங்கேயோ போய்விட்டதாம். கேமராக்கள் ஃபிளாஷ் இல்லாமல் அநாதையாக நிற்கின்றனவாம். அவர் கோபம் நியாயமானது என்றே நினைக்கிறேன். நான் அறுக்க வரவில்லை, அளக்கத்தான் வந்தேன் என்று வெர்னியர் காலிப்பரைக் காட்டிய பிறகே கையில் கொடுத்தார். பருமன் சுமார் 38 மி.மீ. என் உலக்கை 50.

“ஏன் சார் இந்த சைஸ்?” என்று கேட்டேன். பதில் சொல்லாமல் குழாயை இரண்டாகக் கழற்றி, மேஜை இழுப்பறையிலிருந்து பேட்டரிக் கட்டைகளை எடுத்து உள்ளே ஒவ்வொன்றாக விட்டார். கடகடவென்று இறங்கின. பெரிய கட்டை ஒன்றின் பருமன் 34 மி.மீ., நீளம் 61 மி.மீ. சொச்சம். மூன்றை அடுக்கிச் சுற்றி ஒரு தகடு போட்டால் அந்தக் குழாய்தான் வரும். நான் தேடிய வரைபடம் அவ்வளவுதான். எங்கள் தாத்தா வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போகும்போது தோளில் தொங்கவிட்டுக்கொண்டு போன மூணு கட்டை டார்ச்சும் அதே கணக்கு.

இப்போது 40 மி.மீ. குழாயைத் தேய்த்துப் புது மூலம் செய்திருக்கிறேன். களிமண் கந்தகம் இல்லாதது. வானம் வெளுத்த நாளாகப் பார்த்து, இரண்டு துண்டு அச்சில், நடுவில் ஒரு தண்டு நிறுத்தி ஊற்றினேன். உள்ளே கூடாக வந்தது. ஒரே ஒரு குமிழிதான், அதுவும் பட்டைக்கு அடியில் மறைந்துவிடும். லென்ஸ் பட்டைக்காகச் சென்னை ரிச்சி தெருவில் பழைய கால்குலேட்டர் கேட்டு அலைந்தேன். “எந்தக் காலத்துல இருக்கீங்க?” என்றார் கடைக்காரர். தெளிவான எபாக்சியைச் சொட்டுச் சொட்டாக விட்டுப் பார்க்கலாம் என்றிருக்கிறேன்.

அம்மாவிடம் காட்டினேன். இந்த முறை அவள் எதுவும் கேட்கவில்லை. கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, “கட்டை போடலியா?” என்றாள்.