கிராம்பு கொடுக்காத வைத்தியர்

சிங்கப்பூருக்குப் போகிற தமிழர்கள் சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயிலைத் தரிசிக்காமல் திரும்புவது அபூர்வம். 1827-ல் ஏற்பட்ட கோயில் அது. நீங்களும் ஒரு நாள் போவீர்கள். போனால், தரிசனம் முடிந்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு உடனே டாக்ஸியைக் கூப்பிட்டுவிடாதீர்கள். கொஞ்சம் காலாற நடந்து பாருங்கள். சுற்றிலும் சீனர் பேட்டை. கற்பூரமும் மல்லிகையும் மணத்துக்கொண்டிருந்த மூக்கில் வேறொரு வாசனை வந்து மோதும். காய்ந்த வேர், பட்டை, ஆரஞ்சுத் தோல், இன்னும் என்னென்னவோ! அத்தனைக்கும் நடுவில் ஒன்று மட்டும், ‘என்னைத் தெரியவில்லையா?’ என்று கேட்கும். நம் வீட்டு அஞ்சறைப் பெட்டிக் கிராம்புதான் அது.

அந்தச் சீன மருந்துக் கடைக்கு நான் வேடிக்கை பார்க்கப் போகவில்லை. விக்கிக்கொண்டே போனேன். முதல் நாள் இரவு மீன் தலைக் கறியை ஒரு கை பார்த்ததன் பலன். தண்ணீர் குடித்தேன்; மூச்சை அடக்கினேன்; சர்க்கரையை வாயில் போட்டுக்கொண்டேன். “யாரோ நினைக்கிறார்கள்” என்ற ஆறுதலும் கேட்டாயிற்று. ஊரே கூடி நினைத்தாலும் இவ்வளவு நேரம் நினைக்க மாட்டார்கள்!

“கிராம்புக் கஷாயம் ஒன்று போதும், ஸார். விக்கல் பறந்துவிடும்” என்று அடித்துச் சொன்னார், அழைத்துப் போன நண்பர். அவர் அப்படிச் சொல்லக் காரணம் இருந்தது. நீண்ட நாள் காய்ச்சலில் கிடந்து எழுந்த அவருடைய தாயாருக்கு ஒரு சமயம் விக்கல் பிடித்துக்கொண்டது. மூன்று நாள் ஓயவில்லை. கஞ்சி இறங்கவில்லை, கண் மூடவில்லை. ஆஸ்பத்திரியில் நன்றாகச் சோதித்துப் பார்த்து, பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள். ஆனால் விக்கல் மட்டும் விடவில்லை. எழுபத்தைந்து வயதுக் கிழவி எத்தனை நாள் தாங்குவாள்? அப்போதுதான் இந்தக் கடை வைத்தியர் கிராம்பு, இஞ்சி, ஜின்செங் வேர், பெர்ஸிம்மன் பழத்தின் தொப்பி எல்லாம் சேர்த்துக் கஷாயம் வைக்கச் சொன்னாராம். தொப்பி என்றால், கத்தரிக்காய்க் காம்படியில் இருக்கிறதே, அந்த மாதிரி. இரண்டாம் நாள் அம்மாள் தூங்கினாள். சீனர்கள் பல நூறு வருஷங்களாக விக்கலுக்குக் கையாண்டுவரும் மருந்து இது.

கடைக்குள் சுவர் முழுவதும் மர அலமாரி. அதில் சின்னச் சின்ன இழுப்பறைகள். ‘நூறு பிள்ளை அலமாரி’ என்று சீனர்கள் அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். வைத்தியர் மெலிந்த மனிதர். என் கையைப் பிடித்து மூன்று விரல்களை நாடியில் வைத்தார். பிறகு மற்றொரு கை. நாக்கை நீட்டச் சொன்னார். விக்கலுக்கு நடுவே நாக்கை நீட்டுவது லேசான காரியமில்லை என்பதை நீங்கள் ஒப்புக்கொள்வீர்கள்.

“குடிக்க வெந்நீர் பிடிக்கிறதா, குளிர்ந்த தண்ணீரா?” என்று கேட்டார்.

“ஐஸ் தண்ணீர்!”

வைத்தியர் தலையை ஆட்டி ஏதோ சொன்னார். நண்பரின் முகம் விழுந்துவிட்டது. “உங்களுக்குக் கிராம்பு கூடாதாம், ஸார்!”

எனக்கு ஏமாற்றந்தான். அதே விக்கல், அதே வைத்தியர். மருந்து மட்டும் இல்லையென்றால்? வைத்தியர் நிதானமாக விளக்கினார். வயிற்றின் சக்தி கீழ்நோக்கி இறங்க வேண்டும். அது மேல்நோக்கித் திரும்பினால் விக்கலும் வாந்தியும் வரும். கிழவிக்கு வயிறு குளிர்ந்து, பலம் குன்றித் திரும்பியது. கிராம்பு வயிற்றைச் சூடாக்கிச் சக்தியைக் கீழே தள்ளும். எனக்கோ நாக்கு சிவந்து மஞ்சள் பூத்திருக்கிறது, நாடி ஓடுகிறது. எரிகிற அடுப்பில் இன்னும் விறகு வைப்பார்களா? ‘சூட்டு உடம்புக்காரனுக்கு இது ஆகாதுடா’ என்று என் பாட்டி சொன்னதையே இவரும் சீன பாஷையில் சொன்னார். பாட்டிக்கு நாடி பார்க்கத் தெரியாது, அவ்வளவுதான்.

மருந்துதான் இல்லை, கண்ணாலாவது பார்க்கிறேனே என்று கேட்டேன். இரண்டு வகை காட்டினார். ஆணி போன்றிருப்பது ‘ஆண் கிராம்பு’. பருத்து நீண்டது ‘பெண் கிராம்பு’. ஆணாவது, பெண்ணாவது! ஒரே மரந்தான். மலராத மொட்டு முன்னது, காய் பின்னது. மொட்டுக்குத்தான் வீரியம் அதிகம். அதனால் ஒரு நாளைக்கு ஒன்று முதல் மூன்று கிராம் வரைதான் நிறுத்துப் போடுவார்கள்.

சீனாவுக்கு இது கடல் கடந்து வந்த சரக்கு. பூர்விகம் இந்தோனேஷியாவின் மலுக்குத் தீவுகள். ஹான் வமிசத்து அரண்மனையிலேயே இது இருந்தது. அப்போது அதற்குப் பெயர் ‘கோழி நாக்கு வாசனை’. ஹுவான் சக்கரவர்த்தி (146–168) காலத்துக் கதை ஒன்று உண்டு. முதிய பிரதானி ஒருவரின் வாய் நாற்றம் பொறுக்காமல், சக்கரவர்த்தி இதைக் கொடுத்து வாயில் அடக்கிக்கொள்ளச் சொன்னாராம். நாக்கைச் சுரீர் என்று கடித்ததும் கிழவர் நடுங்கிப் போனார். விஷம் கொடுத்துவிட்டார்கள் என்றெண்ணி, வீட்டுக்குப் போய்ப் பெண்டு பிள்ளைகளிடம் விடைபெறத் தொடங்கிவிட்டார்! நண்பர்கள் வந்து, வாயில் இருப்பதைத் துப்பச் சொல்லிப் பார்த்தார்கள். கமகமவென்று மணத்தது. ஒரே சிரிப்பு.

கிராம்புக்கு ஒரு ஜன்ம விரோதி இருப்பதாகவும் வைத்தியர் சொன்னார். ‘யூ ஜின்’ என்று பெயர். இரண்டையும் ஒரே மருந்தில் சேர்க்கக் கூடாதென்பது பழைய விதி. யாரென்று பார்த்தால் நம் மஞ்சளின் சொந்தக்காரன்! எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிரியாணியில் இரண்டையும் சேர்த்தல்லவா போடுகிறோம்? பயப்படாதீர்கள். நாம் அரைப்பது மஞ்சள் கிழங்கு. யூ ஜின் என்பது அந்த இனத்துச் செடிகளின் வேர் நுனியில் முடிச்சாகத் தொங்கும் குட்டிக் கிழங்கு.

கடைசியில் காய்ந்த ஆரஞ்சுத் தோலும், சீவிய மூங்கில் இழையும் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். நண்பர் வீட்டில் காய்ச்சிக் குடித்தேன். மாலைக்குள் விக்கல் நின்றது. மருந்தால் நின்றதா, அதற்கே அலுத்துப்போய் நின்றதா? சத்தியமாகச் சொல்ல மாட்டேன். இரண்டு நாளாகியும் நிற்காத விக்கலென்றால் நீங்கள் முதலில் டாக்டரிடம் போய்விடுங்கள்.

அன்றிரவு சாப்பாடு முடிந்ததும் நண்பரின் தாயார் தாம்பூலத் தட்டோடு வந்தாள். வெற்றிலையை மடித்துக் கிராம்பு குத்தி வைத்திருந்தாள். எனக்கென்று ஒன்றை எடுத்தவள், ஞாபகம் வந்தவளாய்க் கிராம்பைப் பிடுங்கித் தன் வாயில் போட்டுக்கொண்டாள்.

“உனக்கு இன்றைக்கு வேண்டாம், தம்பி” என்றாள்.