தீர்மான நோட்டு

தர்மபுரி மாவட்டத்தில் ஒரு சின்ன கிராமம். அந்த அம்மாவுக்கு இப்போது எழுபது வயதை நெருங்குகிறது. முதன்முதலாக வங்கிக்குள் போன நாளை அவர் இன்னும் மறக்கவில்லை. செருப்பை வாசலிலேயே கழற்றிப் போட்டுவிட்டுத்தான் உள்ளே போனாராம்.

பத்திரம் இல்லை, நகை இல்லை. கையில் இருந்தது மகளிர் குழுவின் தீர்மான நோட்டு மட்டும். யார் சந்தா கட்டினார்கள், யார் உள்கடன் வாங்கினார்கள், யார் கூட்டத்துக்கு வரவில்லை என்று எழுதி வைத்த நோட்டு. மேலாளர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். அதை நம்பித்தான் கடன் கொடுத்தார்.

ஒரு நோட்டை நம்பிக் கடன் கொடுக்கலாம் என்று வங்கிகளுக்கு வழிகாட்டியது நபார்டு. தேசிய வேளாண்மை மற்றும் ஊரக வளர்ச்சி வங்கி என்பது முழுப்பெயர். பி.சிவராமன் தலைமையிலான குழு பரிந்துரைக்க, மத்திய அரசு தனிச் சட்டம் போட்டு 1982 ஜூலை 12-ல் தொடங்கிய நிறுவனம். நாம் போய்ப் பணம் கட்டும் வங்கி அல்ல அது. வங்கிகளுக்கே கடன் கொடுக்கும் வங்கி. அதனால்தான் அதன் பெயர் நம் கண்ணில் படுவதில்லை. ஊருக்கு வரும் வழியில் ஒரு பாலத்தின் ஓரம், சாயம் போன பலகையில் படலாம். 1995-96 முதல் சாலை, பாலம், பாசன வேலைகளுக்கு மாநில அரசுகளுக்கும் அது கடன் தருகிறது.

1992-ல் 500 குழுக்களோடு நபார்டு ஒரு சோதனையைத் தொடங்கியது. சங்கமாகப் பதிவு செய்யாத குழுவாக இருந்தாலும் அதன் பெயரிலேயே கணக்கு, அடமானம் இல்லாமல் கடன். அந்த ஐந்நூறு பின்னாளில் பல லட்சமாகப் பெருகியது. நில உரிமையாளரும் வட்டிக்காரரும் ஒரே ஆளாக இருந்த ஊர்களில் இது சின்ன விஷயம் இல்லை.

ஆனால் அடமானம் இல்லாத கடனுக்கு ஈடு எது? பக்கத்து வீட்டுக்காரியின் முகம்தான். இதைப் பலர் வெளியே சொல்வதில்லை. குழுவில் ஒருத்தி, கணவன் இறந்த பிறகு மூன்று தவணை கட்டவில்லை. ஒருத்தி பாக்கி வைத்தால் மொத்தக் குழுவுக்கும் அடுத்த கடன் கிடைக்காதே என்ற பயம். எல்லோரும் போய் அவள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துவிட்டார்கள்.

"பேங்க்காரரு ஒரு வார்த்தை சொல்லல. நாங்கதான் சொன்னோம்" என்கிறார் அந்த அம்மா. அவள் வாசல் ஆட்டை விற்றுக் கட்டினாள். அதன் பிறகு கூட்டத்துக்கு வரவே இல்லை.

அடுத்த மாதம் நோட்டில் ஒரு தீர்மானம் ஏறியது. குழுவில் யார் வீட்டிலாவது சாவு விழுந்தால், மூன்று மாதத் தவணையைக் குழுவின் வட்டிப் பணத்திலிருந்து கட்டுவது என்று. பதினைந்து கையெழுத்து. பதினாறாவது இடம் காலியாகவே இருக்கிறது.

போன வாரம் மருமகள் ஒரு விண்ணப்பத்தைக் கொண்டுவந்தாள். பைக்கில் வந்து வாராவாரம் வசூலிக்கும் ஒரு தனியார் கம்பெனியின் கடன். அதுவும் குழுக் கடன்தானாம்.

"ஏம்மா, எல்லாரும் எங்க உக்காந்து பேசுவீங்க?"

"பேச என்ன இருக்கு அத்தை? கையெழுத்துப் போட்டா போதும்."

"தவணை தவறுனா?"

மருமகள் பதில் சொல்லவில்லை. விண்ணப்பம் இன்னும் டிவி மேல்தான் இருக்கிறது.