பெற்றோரின் சுற்றுப் பயணம்

அமெரிக்க நாட்டில் ஓய்வு பெற்ற முதியோர் பலர், படுக்கையும் அடுப்பும் நீர்த்தொட்டியும் அமைந்த பெரிய ஊர்தியொன்றையே வீடாகக் கொண்டு, மக்களும் பேரக்குழந்தைகளும் வாழும் ஊர்களுக்குச் சென்று, வழியிலுள்ள காட்சிகளையும் கண்டு வருவர். நம் பெற்றோர்க்கு அத்தகைய வண்டி இல்லை. ஆயினும் நம் இருப்புப்பாதையில் அதற்கு ஓரளவு ஈடான ஏற்பாடு ஒன்று உண்டு. அதுவே சுற்றுப் பயணச் சீட்டு. சென்ற கார்த்திகைத் திங்களில் என் பெற்றோர் அச்சீட்டின் துணைகொண்டு திருச்சிராப்பள்ளியிலிருந்து ஜபல்பூருக்கு வந்து, காசியும் கொல்கத்தாவும் கண்டு ஊர் மீண்டனர். அவ்வனுபவம் நம் சங்கத்துக் குடும்பங்களுக்குப் பயன்படக்கூடும் என்றெண்ணி இதனை எழுதுகிறேன்.

முதலில் சீட்டைப் பற்றிச் சில சொற்கள். புறப்பட்ட நிலையத்திலேயே முடியும் பயணத்திற்குத்தான் இது கிடைக்கும். வழியில் எட்டு இடங்கள் வரை இறங்கித் தங்கலாம். மொத்தத் தொலைவை இரண்டாகப் பகுத்து, இரண்டு ஒருவழிப் பயணங்களாகக் கொண்டு கட்டணம் கணக்கிடுவர். தொலைவு கூடக் கூட ஒரு கிலோமீட்டருக்கான கட்டணம் குறையுமாதலால், ஊர் ஊராகத் தனித்தனிச் சீட்டு வாங்குவதைவிட இது மலிவு. பயண வழியைத் தாளில் எழுதிப் புறப்படும் ஊரின் கோட்ட வணிக மேலாளர் அலுவலகத்தில் கொடுத்தால், கணக்கிட்டுத் தருவர். சீட்டு வாங்கிய பின் ஒவ்வொரு கட்டத்திற்கும் படுக்கையை முன்பதிவு செய்துகொள்ள வேண்டும்.

முதியோர்க்கு இருந்த கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. ஆனால் கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு உண்டு. 60 வயது நிரம்பிய ஆடவரும் 45 வயது நிரம்பிய மகளிரும், தனியாகவோ இருவராகவோ ஒரே சீட்டில் சென்றால், அவ்வொதுக்கீட்டில் இடம் கோரலாம். பாட்டன் பாட்டியோடு பிள்ளைகளையும் சேர்த்து நால்வராக எழுதிவிட்டால் அவ்வாய்ப்புப் போய்விடும். இது பலரும் அறியாத செய்தி.

என் தந்தையார் ஓய்வூதியம் பெறும் பள்ளியாசிரியர். ஆகவே என் பாஸில் அவர் பெயர் சேராது. 'நான் இரயில்வே குமாஸ்தா. எனக்குத் தெரியாத வழியா?' என்ற இறுமாப்புடன் பயணத் திட்டம் முழுவதையும் நானே வகுத்தேன். திருச்சி, சென்னை, நாகபுரி, இடார்சி, ஜபல்பூர், பிரயாகை, காசி, ஹௌரா, விசாகப்பட்டினம், மீண்டும் சென்னை, திருச்சி என ஏறத்தாழ 5,000 கிலோமீட்டர். போகும்போது விருத்தாசலம் வழி. வரும்போது மயிலாடுதுறை, கும்பகோணம் வழி. இறங்கும் ஊர் ஒவ்வொன்றிற்கும் இரண்டு நாள், மூன்று நாள் எனப் பகிர்ந்து எழுதி அனுப்பினேன்.

தந்தையார் அதனைப் படித்துக் காட்டியதும் தாயார் தொலைபேசியில் அழைத்தார். "ஏன் தம்பி, உன் வீடும் ஒரு ஸ்டேஷன்தானா? மூன்று நாள் நின்று புறப்பட்டுவிட வேண்டுமா?" என்றார்.

எனக்கு நாணமாயிற்று. எட்டாண்டுகளாக நான்தான் விடுமுறையில் பத்து நாள் ஊருக்குச் சென்று வருகிறேனேயன்றி, அவர்கள் என் வீட்டு வாயிலை மிதித்ததில்லை. விசாகப்பட்டினத்தை நீக்கி, பிரயாகையைக் குறைத்து, ஜபல்பூருக்கு ஒன்பது நாள் என்று திருத்தி எழுதினேன்.

கங்கா காவேரி விரைவு வண்டியில் ஓரிரவும் ஒரு பகலும் பயணம் செய்து வந்து சேர்ந்தனர். புளிச்சோற்றுத் தூக்கு, வடகம், பருப்புப் பொடி, பேத்திக்கு முறுக்கு என வீட்டையே பெட்டிகளில் அடைத்துக் கொணர்ந்திருந்தனர். என் மகளுக்கு வயது எட்டு. நாங்கள் பேசும் தமிழ் அவளுக்கு விளங்கும். விடையோ இந்தியில்தான் வரும். சங்கத்தின் ஞாயிறு வகுப்பில் எழுத்துகளைக் கற்றிருந்தும் நாவில் தமிழ் ஏறவில்லை. என் தாயாருக்கு இந்தியில் ஒரு சொல்லும் தெரியாது. முதலிரண்டு நாளும் பாட்டி கேட்பதும், பேத்தி சிரித்துவிட்டு ஓடுவதுமாகவே கழிந்தன. தாயார் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அவர் முகத்தை நான் கண்டேன்.

மூன்றாம் நாள் பேடாகாட் சென்றோம். நகரிலிருந்து இருபது கிலோமீட்டருக்குச் சற்று மேல். அங்கே நர்மதை ஆறு வெண்பளிங்குப் பாறைகளை அறுத்துக்கொண்டு குறுகி ஓடுகிறது. இருமருங்கும் ஏறத்தாழ நூறடி உயரம் செங்குத்தாக நிற்கும் பாறைகள். வெண்மை, சாம்பல், இளஞ்சிவப்பு எனப் பல நிறங்கள். சற்று மேலே தூவாந்தார் என்னும் அருவி. புகைத்தாரை என்பது அப்பெயரின் பொருள். வீழும் நீர் புகையாய் எழுவதைக் கண்டால் பெயரிட்டவனைப் பாராட்டத் தோன்றும்.

படகில் ஏறினோம். அவ்வூர்ப் படகோட்டிகள் எதுகையும் நகைச்சுவையும் கலந்து இந்தியில் விடாது வருணித்துக்கொண்டே துடுப்பு வலிப்பர். படகிலிருந்த அனைவரும் சிரித்தனர். தாயார் மட்டும் விழித்தார். "என்ன சொல்கிறான்?" என்று கேட்டார். நான் விடை கூற வாயெடுத்தேன். தந்தையார் என் முழங்கையைப் பற்றி நிறுத்தினார்.

சிறுமி சுற்றுமுற்றும் பார்த்தாள். வேறு யாரும் சொல்லவில்லை என்றதும், "அப்பாயி, இந்த இடம் பேர் பந்தர் கூதனி. குரங்கு இந்தக் கல்லிலேயிருந்து அந்தக் கல்லுக்குக் கூதும்" என்றாள். இந்திச் சொல்லுக்குத் தமிழ் வாலொட்டிவிட்டாள்!

"தாவும்" என்றார் தாயார்.

"தாவும்" என்றாள் அவள்.

அன்று கரை சேரும்வரை அவளே மொழிபெயர்ப்பாளர். வீட்டில் தமிழ் பேசாவிடினும் காரியம் நடக்கும். அன்று படகில் அவள் பேசாவிடின் பாட்டிக்கு ஒன்றும் விளங்காது. எட்டாண்டு நான் கடிந்தும் கெஞ்சியும் நடவாதது அன்று நடந்தது.

அடுத்த நாட்களில் பெரும்பாலும் வீட்டிலேயே இருந்தோம். ஒருநாள் மாலை குவாரிகாட் படித்துறைக்குச் சென்றோம். நர்மதையை வலம்வரும் முதியவர் இருவர் அங்கே அமர்ந்திருந்தனர். ஆற்றை எப்போதும் வலக்கைப் பக்கம் வைத்து, எங்கும் குறுக்கே கடவாமல், ஒரு கரையில் சென்று மறுகரையில் திரும்புவது அவர்கள் நோன்பு. அமர்கண்டகத்தில் பிறந்து, மேற்கே 1,312 கிலோமீட்டர் ஓடிக் கடலில் கலக்கும் ஆறு அது. "அவர்கள் காலால் சுற்றுகிறார்கள், நாங்கள் சீட்டால் சுற்றுகிறோம்" என்று தந்தையார் நகைத்தார். சற்று நேரம் கழித்து, "இன்னொரு முறை இவ்வளவு தொலைவு வருவோமோ, என்னவோ" என்றார். நான் விடை கூறவில்லை.

காசி வரை நானும் மகளும் உடன் சென்றோம். ஜபல்பூர், பிரயாகை பாதை 1867-ல் திறக்கப்பட்டது. 1870-ல் பம்பாய்ப் பாதையும் ஜபல்பூருக்கு வந்து இணைந்தது. இதனை நான் விரிவாகச் சொல்லத் தொடங்கினேன், கேட்பாரில்லை. எதிர் இருக்கையில் பாட்டியும் பேத்தியும் விடுகதையில் ஆழ்ந்திருந்தனர். கட்னியும் சத்னாவும் வந்து போனதை அவர்கள் அறியார்.

காசியில் அனுமன் கட்டத்திலும் கேதார கட்டத்திலும் தமிழ் ஒலி தடையின்றிக் கேட்கும். பாரதியார் 1898 முதல் 1902 வரை அந்நகரில் வாழ்ந்தவர். பதினேழாம் நூற்றாண்டில் குமரகுருபரர் நிறுவிய மடமும் அங்கே இருக்கிறது. ஒரு சந்தில் தமிழ்ப் பலகையொன்றைக் கண்டு என் மகள் நின்றாள். எழுத்தெழுத்தாகக் கூட்டி அவள் படித்து முடிக்கும்வரை, பின்னால் வந்தவர்கள் இடித்துச் சென்றதையும் பாராது தந்தையார் காத்து நின்றார்.

பிறகு அவர்கள் என் தங்கை இல்லம் நோக்கிக் கொல்கத்தா வண்டி ஏறினர். இப்போது ஞாயிறுதோறும் என் மகளே திருச்சிக்குத் தொலைபேசியில் பேசுகிறாள். பிழை மலிந்த தமிழ்தான். ஆயினும் அவளுடைய தமிழ்.

அன்பர்களே, பெற்றோரை அழையுங்கள். அவர்கள் நடக்க வல்லவராய் இருக்கும்போதே அழையுங்கள். பயணத் தாளில் நாட்களைக் குறிக்கும்போது, காட்சிகளுக்கு ஒன்றோ இரண்டோ ஒதுக்கி, மிகுந்த நாட்களை உங்கள் வீட்டிற்கே எழுதுங்கள்.