பலகையில் நகர்ந்த ஆறு

கடந்த ஆண்டு என் ஆய்வேட்டின் நான்காம் இயலிலிருந்து மூன்று பக்கங்களை நீக்கினேன். அவற்றை எழுத வைத்தவையும் பின்னர் நீக்க வைத்தவையும் என் கையால் செய்த 6 பலகைகள்தாம். விடுதி அறையில் கட்டிலுக்கு அடியில் அவை இன்னும் இருக்கின்றன. அறைக்கு வருகிற நண்பர்கள் ‘இது என்ன பொம்மை வேலை?’ என்று கேட்கும்போதெல்லாம் சிரித்து மழுப்பிவந்தேன். ஆய்வு மாணவர்கள் சிலருக்கேனும் பயன்படலாம் என்பதால் இப்போது முழுக் கதையையும் எழுதுகிறேன். சற்று நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளவும்.

மேசைப் போர் விளையாட்டு என்பது பழைய போர்களைச் சிறு உருவங்கள், பகடை, அளவுகோல், விதிநூல் ஆகியவற்றைக் கொண்டு மேசைமீது மீண்டும் நடத்திப் பார்ப்பது. அதன் மரபு நீண்டது. 1812இல் ரைஸ்விட்ஸ் என்னும் பிரஷ்ய அதிகாரி, தம் மன்னர் மூன்றாம் பிரடெரிக் வில்லியமுக்கு ஒரு மேசையைச் செய்து அளித்தார். குன்று, ஆறு, சாலை, ஊர் ஆகியவை தனித்தனிச் சதுர ஓடுகளாக அதில் இருந்தன. அவற்றை மாற்றி மாற்றி அடுக்கினால் வெவ்வேறு போர்க்களங்கள் கிடைக்கும். 1824இல் அவருடைய மகன் வெளியிட்ட விதிகள் ஓடுகளைக் கைவிட்டு, 1:8,000 அளவில் வரைந்த நிலப்படங்களுக்கு மாறின. படையதிகாரிகளின் பயிற்சிக்குப் பிரஷ்யா ஏற்றுக்கொண்டது மகனுடைய முறையைத்தான். தந்தை ஓடுகளில் தொடங்கியதை மகன் ஏன் படத்துக்கு மாற்றினார் என்று அப்போது நான் எண்ணிப் பார்க்கவில்லை. பின்னர் எண்ண நேர்ந்தது.

என் ஆய்வு இரண்டாம் ஆங்கில–மராத்தியப் போரில் நிலவியலின் பங்கு பற்றியது. அதன் நான்காம் இயல் அசாயே போர். 1803 செப்டம்பர் 23 அன்று, இன்றைய மகாராட்டிரத்தின் ஜால்னா மாவட்டத்தில், கைத்னா, ஜுவா என்னும் இரு சிற்றாறுகளுக்கு இடைப்பட்ட நிலத்தில் அது நடந்தது. ஒருபுறம் ஆர்தர் வெல்லெஸ்லியின் கம்பெனிப் படை, ஏறத்தாழ 4,500 பேர். உடன் மைசூர், மராத்தியக் கூட்டாளிகளின் குதிரைப்படை. மறுபுறம் தௌலத்ராவ் சிந்தியாவும் பேரார் அரசர் இரகோஜி போன்ஸ்லேயும் சேர்ந்த படை. ஐரோப்பிய முறையில் பயின்ற காலாட்கள் மட்டும் அதில் 10,000க்கு மேல்; அவர்களைக் களத்தில் நடத்தியவர் ஹானோவரைச் சேர்ந்த போல்மான். பெரும் குதிரைப்படையும் ஏறத்தாழ 100 பீரங்கிகளும் அத்தரப்பில் இருந்தன. கம்பெனி வென்றது, ஆயினும் 1,500க்கும் மேற்பட்டோரை இறப்பிலும் காயத்திலும் இழந்தது. அன்று ஆற்றைக் கடந்தவர்களில் பெரும்பகுதியினர் சென்னை மாகாணப் படையின் சிப்பாய்கள். புனேயில் அமர்ந்து இப்போரைப் படிக்கும் ஒரு தமிழனை அந்தச் செய்திதான் முதலில் இழுத்தது.

போர்த்திட்டப் படங்களை நாள்தோறும் பார்த்தும் களம் கண்ணுக்குள் வரவில்லை. எனவே அதைச் செய்து பார்ப்பது என்று முடிவு செய்தேன். ஒவ்வொன்றும் 60 செ.மீ. சதுரமுள்ள 6 பலகைகள். மூன்றாக இரு வரிசையில் வைத்தால் 180 செ.மீ.க்கு 120 செ.மீ. ஒரு சென்டிமீட்டருக்கு 20 மீட்டர் எனக் கொண்டேன். ஆக ஒரு பலகை 1,200 மீட்டர். முழு மேசை 3.6 கி.மீ.க்கு 2.4 கி.மீ.

அடியில் 6 மி.மீ. பிளைவுட், அதன்மேல் தெர்மாகோல். சூடேற்றிய நிக்ரோம் கம்பியால் அறுத்தால் தெர்மாகோல் வெண்ணெய்போல் வழிவிடும். ஆனால் அந்தப் புகை நல்லதன்று. வேலையை மொட்டை மாடிக்கு மாற்றிக்கொண்டேன். முதல் பலகையை இழந்தது என் அறியாமையால்: அடைத்து விற்கும் தெளிப்பு வண்ணத்தை நேரே அடித்தேன், அதிலுள்ள கரைப்பான் தெர்மாகோலை அரித்து, சமவெளியெங்கும் அம்மைத் தழும்பு போட்டுவிட்டது. இரண்டாவது வேறு வகையில் கெட்டது. பெவிகாலை நீரில் கரைத்து மேற்புறம் மட்டும் பூசி மணல் தூவினேன். காயும்போது பசை சுருங்கி இழுத்ததில் நான்கு மூலைகளும் மேலே எழுந்தன. ரசமட்டம் வைத்துப் பார்த்தால் குமிழி ஓரத்துக்கு ஓடியது. அடிப்புறத்திலும் அதே பூச்சைக் கொடுத்தால் இரு பக்க இழுவையும் சரியாகிவிடும் என்பதை என் அறைக்கு எதிரே வேலை செய்துகொண்டிருந்த தச்சர் ஒருவர் சொல்லித்தான் அறிந்தேன். அதன்பின் பட்டி பார்த்து, உப்புத்தாளால் தேய்த்து, வண்ணம் ஏற்றிய மரத்தூளைப் புல்லாகத் தூவினேன்.

உயரம் இன்னொரு சிக்கல். மூன்று மீட்டர் உயரமுள்ள ஆற்றங்கரை ஒரு படைப்பிரிவையே மறைத்துவிடும். என் அளவில் அது 1.5 மி.மீ.; மரத்தூளின் தடிமன் அவ்வளவு இருக்கும். நிலப்படத் தாளிலும் அது தெரியாது. அங்கே சம உயரக் கோடுகளின் இடைவெளியே 10 அல்லது 20 மீட்டர். எனவே உயரத்தை மட்டும் நான்கு மடங்காக்கி, கரைகளை 6 மி.மீ. ஆக்கினேன். இந்த மாற்றத்தை அறிந்தே செய்தேன், குறிப்பேட்டிலும் எழுதிவைத்தேன். என்னைக் காலை வாரியது குறிப்பேட்டில் எழுதாத வேறொன்று.

பிரித்துச் சேர்க்கும் பலகைகளுக்கு ஓர் அடிப்படை விதி உண்டு. எந்தப் பலகையை எதன் அருகில் வைத்தாலும், எப்படித் திருப்பி வைத்தாலும் விளிம்புகள் பொருந்த வேண்டும். அதற்காக ஆறும் சாலையும் விளிம்பின் நடுப்புள்ளியில்தான் நுழைய வேண்டும், நடுப்புள்ளியில்தான் வெளியேற வேண்டும். உள்ளே எப்படி வேண்டுமானாலும் வளையலாம். உதவித்தொகையிலிருந்து செலவழித்துச் செய்கிறவனுக்கு இவ்விதி ஒரு வரம். அசாயே முடிந்தபின் அதே பலகைகளைத் திருப்பி அடுக்கினால் இன்னொரு களம்! நானும் அப்படியே செய்தேன். தென்வரிசைப் பலகைகளின் நடுவே கைத்னா. வடவரிசையின் நடுவே ஜுவா.

களம் அமைந்ததும் முதலில் கிடைத்தது பெரும் மகிழ்ச்சி. வெல்லெஸ்லி கைத்னாவைக் கடந்த கதை பலரும் அறிந்ததே. அருகில் கடவுத்துறை இல்லை என்று வழிகாட்டிகள் சொன்னார்கள். ஆற்றின் இரு கரையிலும் எதிரெதிரே இரண்டு சிற்றூர்கள் இருப்பதைக் கண்ட அவர், இவ்வளவு அருகில் இருக்கும் ஊர்களுக்கிடையே போக்குவரத்து இல்லாமல் இராது, எனவே துறை இருக்கும் என்று ஊகித்தார். துறை இருந்தது. இதை எத்தனையோ முறை படித்தவன்தான் நான். ஆனால் தீப்பெட்டி அட்டையால் செய்த வீடுகளை இரு கரையிலும் ஒட்டியபோது, ஊரிலிருந்து ஊருக்குப் பாதை வரைய என் கை தானாகவே ஆற்றில் இறங்கியது. அவர் கண்டது அவ்வூர் மக்கள் தலைமுறைகளாக நடந்து உண்டாக்கிய வழியை என்பது அப்போது உறைத்தது. என் இயலில் அவ்வூர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. சேர்த்தேன். பலகை வேலைக்கு இதுவே போதிய பலன் என்று எண்ணினேன். அந்த மகிழ்ச்சியில் பலகைமேல் வைத்த நம்பிக்கை அளவு மீறியது.

முதுகலை மாணவர்களை அழைத்து ஆடத் தொடங்கினோம். ஆறு முறை ஆடியதில் ஐந்து முறை மராத்தியத் தரப்பு வென்றது. ஒவ்வொரு முறையும் காரணம் ஒன்றே: இரு ஆறுகளுக்கும் இடையிலுள்ள அகலத்தை நிரப்பக் கம்பெனித் தரப்பிடம் ஆள் போதவில்லை, வரிசையின் ஓரத்தைச் சுற்றிக் குதிரைப்படை பின்னால் வந்துவிட்டது. நான் வரலாற்றை எண்ணினேன். மேசையில் இவ்வளவு எளிதாக வெல்லும் படை களத்தில் ஏன் தோற்றது? நிலம் அவர்களுக்குச் சாதகமாகவே இருந்தது. தலைமையின் பூசலும் தயக்கமுமே தோல்விக்குக் காரணம் என்று மூன்று பக்கம் எழுதினேன். நடை நன்றாக அமைந்த பக்கங்கள் அவை. மேசை ஆட்டத்தைச் சான்றாகக் குறிப்பிடவில்லை. ஆனால் அந்த உறுதி மேசையிலிருந்து வந்ததே.

ஏழாவது ஆட்டத்துக்கு ஒரு மாணவி புதிதாக வந்தாள். ஜால்னா மாவட்டத்துக்காரி, அவளுடைய மாமாவுக்கு அந்தப் பக்கத்தில் நிலம் உண்டு. விதிகளைக் கேட்டுவிட்டு, பலகையைச் சற்று நேரம் பார்த்தாள். பிறகு, “தாதா, இந்த இரண்டு ஆறும் எங்கே சேர்கின்றன?” என்று கேட்டாள்.

“பலகைக்கு வெளியே, கிழக்கே” என்றேன்.

“சேரப் போகிற ஆறுகள் இப்படித் தள்ளித் தள்ளியா போகும்? அங்கே கிழக்கே போகப் போக நிலம் கூம்பிவிடும். இரண்டிலும் வெள்ளம் வந்தால் நடுவில் மாட்டியவனுக்குப் போக்கிடம் இல்லை என்று மாமா சொல்வார்.”

அன்று ஆட்டம் நடக்கவில்லை. மாணவர்கள் போனபின் போர்த்திட்டப் படத்தையும் நிலப்படத் தாளையும் எடுத்து, அளவுகோலுடன் உட்கார்ந்தேன். என் பலகையில் இரு ஆறுகளுக்கும் இடையே எங்கும் ஒரே இடைவெளி: 60 செ.மீ., அதாவது 1,200 மீட்டர். நடுப்புள்ளி விதி அதை அப்படி ஆக்கியிருந்தது. உண்மையான ஆறுகள் கூடுதுறையை நோக்கி நெருங்குகின்றன. வெல்லெஸ்லி ஆற்றைக் கடந்து நுழைந்தது அந்தக் குறுகிய நாக்கில். சிறுபடையின் இரு ஓரங்களையும் இரு ஆறுகள் காத்தன. பெரும்படை தன் எண்ணிக்கையை விரித்துக் காட்ட இடம் இல்லை. மேசையில் ஐந்து முறை ஓரத்தைச் சுற்றி வந்த குதிரைப்படை, நான் கூட்டி வைத்த நிலத்தின்மேல் ஓடியிருக்கிறது. தெற்கு நோக்கி நின்ற மராத்தியக் காலாட்படை, எதிரி கிழக்கே கடந்ததும் ஒழுங்கு குலையாமல் திரும்பி, அசாயே ஊரை இடப்புறம் வைத்துப் புதிய வரிசை அமைத்தது. அவ்வூரை நெருங்கிய 74ஆம் படைப்பிரிவு பேரிழப்புக்கு உள்ளானது. அப்படிப்பட்ட படைமீதும் தலைமைமீதும் நான் குற்றம் சாட்டியது, பலகையை மறுபடி பயன்படுத்த வேண்டும் என்ற என் சிக்கனத்தின் விளைவு.

தலைமைப் பூசல் பொய் என்று சொல்ல வரவில்லை. அதற்கு வேறு சான்றுகள் இருக்கலாம். என்னிடம் இருந்தது சான்று அன்று என்பதே செய்தி. நெறியாளரிடம் சொல்ல இரண்டு நாள் தயங்கினேன். அவர் அந்த மூன்று பக்கங்களைப் பாராட்டியிருந்தார். சொன்னபின் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “பக்கங்களை எடுத்துவிடுங்கள், ஏன் எடுத்தீர்கள் என்பதை முறையியல் பகுதியில் ஒரு பத்தியாக எழுதுங்கள்” என்றார். எழுதினேன். அந்தப் பத்தியே இப்பதிவின் கரு.

வில்லியம் சிபோர்ன் என்னும் ஆங்கிலேயப் படையதிகாரி 1830இல் வாட்டர்லூ களத்துக்குச் சென்று, அங்கிருந்த பண்ணைவீட்டில் பல மாதங்கள் தங்கி, நிலத்தை அளந்தார். போரில் நின்ற அதிகாரிகளுக்குக் கடிதம் எழுதி ஒவ்வொரு பிரிவும் நின்ற இடத்தைக் கேட்டறிந்தார். 1838இல் லண்டனில் காட்சிக்கு வைத்த அவருடைய மாதிரி இன்று அந்நகரின் தேசியப் படை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பிரஷ்யப் படை எங்கே நின்றது என்பதில் வெலிங்டன் தரப்புடன் அவருக்குப் பிணக்கு ஏற்பட்டது. அந்த மாதிரியால் அவர் கடனிலும் ஆழ்ந்தார். அசாயேயின் வெல்லெஸ்லிதான் பிற்கால வெலிங்டன் பிரபு. ஆவணம் எழுதுகிறவன் ‘அப்பகுதியில்’ என்று சொல்லித் தப்பலாம். உருவத்தை வைக்கிறவன் ஓர் இடத்தில் வைத்தே ஆக வேண்டும். சிபோர்ன் வைத்த இடங்களுக்கு அவரிடம் கடிதங்கள் இருந்தன. என் ஆறுகளுக்கு இருந்தது நடுப்புள்ளி விதி.

நாம் எழுதும் ஆய்வேடுகளையும் அதன்பின் வேறு கண்ணோடு பார்க்கிறேன். எந்தத் தலைப்புக்கும் பொருந்தும் ‘வரலாற்றுப் பின்னணி’, எங்கும் வெட்டி ஒட்டத்தக்க ‘கோட்பாட்டுச் சட்டகம்’ ஆகியவை நம் எல்லோரிடமும் இருக்கின்றன. அவற்றின் விளிம்பு பொருந்துவதற்காக உள்ளே எதை வளைத்தோம் என்று கேட்டுக்கொள்ளும் வழக்கம் குறைவு. என் இரண்டாம் இயலில் அப்படி ஒரு பின்னணி, முதுகலை ஆய்விலிருந்து அப்படியே வந்தது, இப்போதும் இருக்கிறது. அதைத் திருத்திக்கொண்டிருக்கிறேன், வேலை எளிதாக இல்லை.

கிழக்கு ஓரப் பலகைகள் இரண்டையும் புதிதாகச் செய்துவிட்டேன். அவற்றில் ஆறுகள் நடுப்புள்ளியை விட்டு விலகி, நெருங்கி, கலக்கின்றன. மேற்குப் பலகைகளோடு சேரும் விளிம்பு தவிர வேறெங்கும் அவை பொருந்தா. வேறு எந்தப் போருக்கும் உதவா. அந்த மாணவி வந்து பார்த்து, கூடுதுறையைச் சற்றுத் தெற்கே தள்ளச் சொன்னாள். அடுத்த மாதம் அவளுடைய மாமாவின் ஊருக்குப் போய் நிலத்தை நேரில் பார்த்துவிட்டுத் தள்ளுவதா வேண்டாமா என்று முடிவு செய்வோம். அதுவரை அந்தப் பகுதிக்குப் பசை போடவில்லை.